கதிரேசன் பார்த்த அலுமினியத் தொட்டி

சிந்தாதிரிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிஷாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம், ஒடிசா வெயிலில் நீயும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும். போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்றுதான் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வாரம் முழுக்க சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் முலாம்தான், வேலைக்குக் குறைவில்லை, ஆனால் உன் கதிரேசன் மாமா அங்கிருந்து திரும்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அலுமினியத் தொழிற்சாலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உன்னோடு எடுத்த போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டுகிறான். இவர் யார் என்று உன் அதிகாரி கேட்டதற்கு "நான்தான் வளத்தேன்" என்றானாம், நீயும் சிரித்துக்கொண்டு நின்றாயாம்.

நேற்று மத்தியானம் நம் வாசலில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, கரண்டு சூட்டில் மண் உருகி அலுமினியம் ஆகிவிடுகிறது என்று அளந்தான். நாற்பது வருஷம் முலாம் தொட்டியோரம் நின்றவனுக்குப் பொறுக்குமா? எழுந்துவிட்டேன். சூடு இருப்பது தொட்டியிலுள்ள உப்பு உருகிக் குழம்பாகவே இருக்கத்தான், அதில் கரைந்த அலுமினா என்ற வெள்ளைத் தூளைப் பிரிப்பது கரண்டு, மேலே தொங்கும் கரிக்கட்டி பிளஸ், தொட்டியின் கரித் தளம் மைனஸ், தூளிலுள்ள ஆக்ஸிஜன் மேலே கரியைத் தின்று வாயுவாகப் போய்விடும், அலுமினியம் அடியில் சேரும், என் முலாம் தொட்டியிலும் இதே கணக்குதான், நிக்கல் தகடு பிளஸ், ஹேண்டில்பார் மைனஸ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கதிரேசன் மட்டும், "இம்மாம் பேசறியே மாமா, நீ அத்த பாத்துகீறியா?" என்றான். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். "என் தம்பி மேல உனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பொறாம?" என்று அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள்.

பொறாமைதான் கண்ணு. என் மூச்சிரைப்புக்கு அந்த அனல் ஆகாது என்றுதான் நீ கூப்பிடவில்லை, அது தெரியும். கோபித்துக்கொள்ளாதே, உன்மேலும் பொறாமைதான். நான் அடுத்தவன் இரும்புக்கு மயிரிழை கனத்தில் முலாம் பூசுகிறவன், நீ தூளிலிருந்து டன் கணக்கில் உலோகத்தையே எடுக்கிறாய். அதை ஒருமுறை என் கண்ணால் பார்க்கவேண்டும். டாக்டரைக் கேட்டேன், முகமூடியோடு பத்து நிமிஷம் நிற்கலாம் என்றார். பதினெட்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அதிகாரியிடம் அனுமதி வாங்கி வை.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, மோர் நிறையக் குடி. நீ தொட்டதெல்லாம் விளங்கட்டும், நூறு வருஷம் நல்லாயிரு. அம்மாவிடம் டிக்கெட் விஷயத்தை உளறிவிடாதே, அவள் தம்பியிடம் சொல்வாள், அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவான்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கவேல்