வெயில் பட்ட வேர்க்கட்டைகள்

பலெர்மோ,
புரட்டாதி 1995

என் அன்புத் தங்கச்சி யூலியானாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடும் அண்ணன் அருளையா சொல்லச் சொல்ல, உன் அண்ணி கிளறா எழுதுகிறாள். எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே, காரணம் வரும். உன் புருஷன் சாந்தன் உயிரோடிருக்கிறான். அதை முதலில் மனதில் பிடித்துக்கொள்.

கபோ சந்தையில் நான் வேலை செய்யும், புகையிலை குடிக்கிற சுங்கான் செய்யும் பட்டறையில் அவனைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டேன் அல்லவா. சுங்கான் கடைவது றாடிக்கா என்ற புதரின் வேர்க்கட்டையில். அதை அவித்து, இருட்டறையில் மாதக்கணக்காக மெல்ல உலரவிட வேண்டும். உன் மனுசனோ மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவன். மீனோ வலையோ பனங்கிழங்கோ, எல்லாவற்றுக்கும் அவனுக்கு வெயில்தான் மருந்து. நாங்கள் பூசைக்குப் போயிருந்த ஞாயிறு, முதலாளிக்கு உதவி என்று நினைத்து, அவித்த கட்டை முழுவதையும் மொட்டைமாடியில் பரப்பிவிட்டான். கெதியாக் காய்ஞ்சிடும் மச்சான் என்று என்னிடம் பெருமை வேறு. பின்னேரத்துக்குள் எல்லாம் வெடித்து வாய் பிளந்துவிட்டது.

முதலாளி மெஷினின் தோல்பட்டியைக் கழற்றி அவனை அடித்தான். முதுகுத் தோல் உரிந்தது. பிழை தன்னுடையது என்று சாந்தன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டுதான் நின்றான். பட்டி கழுத்தில் பட்டு, நீ போட்டுவிட்ட மாதா சுரூபம் அறுந்து விழ, அதைச் செருப்புக்காலால் மிதித்தான் அந்த நாய். சாந்தன் உளியை எடுத்து அவன் தொடையில் இறக்கிவிட்டான். சுவரெல்லாம் இரத்தம். ஆள் சாகவில்லை. அது சாந்தனின் நல்லகாலம்.

அன்றே அவனை சியாகுல்லியில் ஒரு தோடம்பழத் தோட்டத்துக்கு, மரங்களுக்குத் தண்ணீர் கட்டும் வேலைக்கு ஒளித்து அனுப்பினேன். பிறகு முதலாளியின் மகன்மார் இரண்டு பேர் பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டு, அவன் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். கட்டையை இறுக்கும் இரும்பு வைஸுக்குள் என் வலது கையை வைத்துத் திருகினார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் தெரியாது என்றேன். ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இதை எழுத மாட்டேன் என்று கிளறா அழுகிறாள். எழுதடி என்று ஏசிக்கொண்டிருக்கிறேன்.

சாந்தனுக்கு இது தெரியாது. ஏன் மச்சான் என்னைப் பாக்க வாறேல்லை என்று ஆள்விட்டுக் கேட்கிறான். வேலை கூடிப்போச்சு என்று சொல்லிவைத்திருக்கிறேன். தெரிந்தால் அந்த நிமிடமே உளியோடு கபோவுக்கு வருவான். அவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். பிறகு உனக்கு வருவது சவப்பெட்டிதான்.

என் சொல் அவனுக்குத் தூசு. உன் சொல்லுக்குத்தான் அடங்குவான். இஞ்சை நிற்காமல் வடக்கே பொலோஞ்ஞாவுக்குப் போகச் சொல்லி, பிள்ளைகள் மேல் ஆணையிட்டு, இங்கே பூசை வைக்கும் எங்கள் சுவாமியாரின் விலாசத்துக்குக் கடிதம் போடு, அவர் அவனிடம் சேர்ப்பிப்பார். பொய் எழுதுவது பாவம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுது: அண்ணன் தன் கைப்படக் கடிதம் போட்டவர், சுகமாயிருக்கிறாராம் என்று.

உனக்கும் பிள்ளைகளுக்கும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். இடது கையால்தான் போடுகிறேன். மாதா குறை நினைக்கமாட்டா.

உன் அண்ணன்
அருளையா