துரை காப்பாற்றச் சொன்னது

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ ஊருக்குப் போன பிறகு மண் சரிந்து, தோட்டத்தில் நம் லயத்து வீடுகள் போனதும், பூட்டிக் கிடந்த பழைய பாதிரியார் பங்களாவில் எங்களைத் தங்கவிட்டார்கள். பாப்பாவுக்கு அப்போதே காய்ச்சல்.

கொழும்பிலிருந்து ஒரு துரை வந்தார். கருங்கல் சுவரையும் உத்தரத்தையும் தடவித் தடவிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்ன செலவானாலும் காப்பாத்தணும்னு தொரை சொல்றாங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

பாப்பா என் தோளில் கிடந்தாள். அவளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

அடுப்புப் புகை உத்தரத்தைக் கெடுக்குமாம். அன்றைக்கே எங்களை வெளியேற்றிப் பூட்டிவிட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் ஒண்டினோம். மழை விடவே இல்லை.

பங்களா நலமாக இருக்கிறது. ஒழுகிய இடமெல்லாம் அடைத்துவிட்டார்கள்.

பாப்பாவுக்கென்று ஊரில் நீ தைக்கக் கொடுத்த பாவாடையை உன் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்