சோற்றுத் தட்டில் வெட்டிய தேதிகள்

என் பிரியமுள்ள மதினிக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம். இந்த மராத்தி ஊர் போபோடியில் நம் பாத்திரக்கடை நம்மிடமேதான் இருக்கிறது. முழுசாக ஒரு வருஷம், ஒரு வரிக் கெடுவைக்கூட நான் தவறவிடவில்லை. நம்புகிறீர்களா?

நம்ப மாட்டீர்கள். பால் அடுப்பில் இருப்பதையே மறக்கிறவள்தானே நான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும் தினசரி காலண்டரில், சேல்ஸ் டாக்ஸ் கட்டக் கடைசி நாள் எதுவோ அந்தத் தாளிலேயே குறித்து வைப்பீர்கள். நோட்டீஸ் வந்ததே, அந்த மாதம் அது திங்கட்கிழமையில் விழுந்தது. திங்கள் நமக்குக் கடை லீவு. செவ்வாய் காலையில் வந்து இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்தவள் நான். உங்கள் எழுத்தைப் பார்த்ததும், கெடு தப்பிவிட்டதே என்று பயந்து கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். உங்கள் பேருக்கு நோட்டீஸ் வந்தபோது அண்ணன் உங்களைத்தான் திட்டினான். நீங்கள் வாய் திறக்கவில்லை. கிழித்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா மதினி? தெரிந்துதான் பேசாமல் இருந்தீர்களா?

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகவில்லை, அண்ணன் என்னை உட்காரவைத்துச் சொன்னான்: “இன்னொரு நோட்டீஸ் வந்தா கடைய வித்துருவேன், பாத்துக்கோ. ஃபாக்டரி வேலையையும் பாத்துக்கிட்டு இதுக்கும் என்னால அலைய முடியாது.” ஒரு வருஷம் தவணை கேட்டேன். நீங்களும் நானும் சேர்ந்து உருட்டிப் புரட்டிக் கொண்டுவந்த கடை, ஒரு காகிதத்துக்காகப் போவதா?

காலண்டரை நம்பவில்லை. தினமும் தவறாமல் நான் பார்ப்பது எதை? மத்தியானச் சோற்றை. ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, நீங்கள் பேர் வெட்டும் மெஷினாலேயே அதன் நடுவில் தேதிகளை வெட்டினேன். சேல்ஸ் டாக்ஸ், அட்வான்ஸ் டாக்ஸ், வருமான வரி எல்லாமே, நிஜக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாக. சோறு தீரத் தீரத் தேதி தெரியும். எழுத்து கோணல்மாணல்தான். சிரிக்காதீர்கள்.

சிரிப்பு இனிமேல்தான். நடுவில் சேல்ஸ் டாக்ஸே போய், வாட் என்று ஒன்று வந்தது. தேதியும் மாறிப்போனது. எவர்சில்வரில் வெட்டியதை அழிக்கவா முடியும்? பழைய தட்டு இப்போது மாவுச் சட்டிக்கு மூடி. புதுசாக ஒன்று வெட்டிக்கொண்டேன்.

பிறகு மழை வந்தது. ஆறு ஏறி, நம் வரிசைக் கடைகளில் எல்லாம் முழங்கால் தண்ணீர். சரியாக அந்த வாரம்தான் கெடு. எல்லோரும் நனைந்த பில்களைக் காயவைத்துக்கொண்டு பேங்குக்கு ஓடினார்கள். நான் முந்தின வாரமே கட்டிவிட்டு, நிம்மதியாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பிளாஸ்டிக் கடை மராத்திக்காரர், நம்மைப் பார்த்து எப்போதும் சிரிப்பாரே அவர்தான், விஷயம் கேட்டுத் தட்டைப் பார்க்க வந்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தாயி, மலாபண் ஏக் தாட் த்யா” என்றார். அக்கா, எனக்கும் ஒரு தட்டு கொடு என்கிறார்! மராத்தியில் வெட்டிக் கொடுத்தேன். இன்றோடு இந்த வரிசையில் ஏழு பேர் நம் தட்டில் சாப்பிடுகிறார்கள்.

நேற்றோடு வருஷம் முடிந்தது. அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தான். நான் அந்தத் தட்டிலேயே அவனுக்குச் சோறு போட்டேன். ரசம் சாதம் முடிகிற இடத்தில் அவன் கை நின்றுவிட்டது. தேதிகளுக்குக் கீழே, கல்யாணச் சீர் பாத்திரத்தில் வெட்டுவதுபோல, உங்கள் பேரை வெட்டி வைத்திருந்தேன். ரொம்ப நேரம் விரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சொன்னேன், தாளைக் கிழித்தது நான் என்று. என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். “அவ அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா” என்று மட்டும் சொன்னான். பிறகு எழுந்து, தட்டைத் தானே கழுவி வைத்தான். அண்ணன் தட்டுக் கழுவி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கடை விற்பனைக்கு இல்லை மதினி. அரசாங்கம் எத்தனை தடவை தேதியை மாற்றினாலும் அத்தனை புதுத் தட்டு வெட்டுவேன். ஒவ்வொன்றிலும் உங்கள் பேர் இருக்கும். இனி உங்கள் பேருக்கு ஒரு நோட்டீஸ் வராது. இது சத்தியம்.

தாளைக் கிழித்த,
கடையைக் காத்த,
உங்கள் நாத்தனார்