காதைப் பொத்திய கைகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா? பாப்பா சாப்பிடுகிறாளா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே தகடு வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்காக எல்லோருக்கும் காதுமூடி கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் என்னுடையது உடைந்துபோனது. "இன்னிக்கு ஒரு நாள் சமாளிய்யா" என்றார் மேஸ்திரி. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பிடித்திருந்த தகட்டை விட்டுவிட்டு என் கைகள் தாமாகவே காதைப் பொத்திக்கொண்டன. தகடு காலில் விழவில்லை, பயப்படாதே. "சின்னப் புள்ளையாட்டம் என்னய்யா இது? கைய எடு!" என்று மேஸ்திரிதான் கத்தினார். எடுக்க முடிந்தால்தானே!

உன் தம்பி கல்யாணத்தில் ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் பாப்பா காதைப் பொத்தியபோது, நானும் "கைய எடு" என்றுதான் கத்தினேன். பிடித்து இழுக்கவும் செய்தேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அவள் என் பக்கமே வரவில்லை.

"அவளுக்கு ஆட்டிசம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடலாங்க" என்று நீ எத்தனை முறை கெஞ்சினாய். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று உன் வாயை அடைத்தேன். அந்த நாலு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்களே, போய்ப் பேசு. நான் செய்ததையும் சேர்த்தே சொல்.

அவளுக்கும் ஒரு காதுமூடி வாங்கப்போகிறேன். தலையை நூலால் அளந்து, நூலையே அனுப்பிவை. முதலில் பொம்மைக்கு அளந்து காட்டு, தானே வந்து நிற்பாள்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். என் குரலைக் கேட்டு அவள் காதைப் பொத்தினால் பொத்தட்டும். கையை மட்டும் எடுத்துவிடாதே.

பாப்பாவின் அப்பா