இரண்டு பேருக்கு ஒரு கட்டில்

2000 யூன் 16, வெள்ளி

பாடசாலை விட்டதும் நேரே அம்மாவிடம் போனேன். கன்னியாஸ்திரிகளின் இந்தச் சிறிய ஆஸ்பத்திரி எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அம்மாவுக்கு இருதய வால்வில் வருத்தம். மூச்சு முட்டினால், சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கமாட்டார் என்று டொக்டர் றேமண்ட் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

இலவச வாட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அம்மாவோடு இருப்பவர் வாழைத்தோட்டத்து ஷபீகா அன்ரி. அம்மாவால் படுக்க முடியாது. சாய்ந்திருக்கத் தலையணையும் போதாது. அதனால் இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து, இருந்தபடியே தூங்குகிறார்கள். “உங்கட உம்மா குறட்டை விட்டா என்ட நெஞ்சும் சேந்து ஆடுது மகள்” என்றார் ஷபீகா அன்ரி. அம்மா சிரிக்கப் போய் இருமினார்.

புதன்கிழமை சுகாதார அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். அமைச்சு ஆண்டுதோறும் கொடுக்கும் உதவியில்தான் இந்த வாட் நடக்கிறது. அவர் பார்த்து எழுதினால்தான் இந்த ஆண்டும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வாட்டை மூடவேண்டியதுதான் என்று சிஸ்டர் யோசெப்பின் சொன்னார்.

யூன் 20, செவ்வாய்

அந்தோனியார் திருநாள் முடிந்து ஒரு கிழமைதான். அதற்குள் இன்னொரு திருநாள் போல ஊரே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டு மாக்ரெட் அன்ரி வீடு வீடாகப் போய் புதுப் படுக்கை விரிப்பு, பூச்சாடி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் இரவல் வாங்கி வந்தார். நடக்கக்கூடிய நோயாளிகளை நாளைக்குக் கோயில் மண்டபத்தில் இருத்துவார்களாம். அப்போதுதான் கட்டிலுக்கு ஒருவர் வரும்.

அதிகாரி நோயாளிகளைப் பார்க்கத்தானே வருகிறார் என்று கேட்டேன்.

“வீட்டுக்கு ஆள் வாற அண்டு கொடியில காயிற உடுப்பை எடுத்து உள்ளுக்கு வைக்கிறேல்லையோ? இதெல்லாம் உன்ர புத்தகத்தில இராது பிள்ளை” என்றார் மாக்ரெட் அன்ரி.

எல்லோரும் சிரித்தார்கள்.

யூன் 21, புதன்

எவ்வளவு அழகாக இருந்தது! வரவேற்புரையை ஆங்கிலத்தில் நான்தான் வாசித்தேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை. அந்த ஐயா பற்றிஸ் சாப்பிட்டார், எங்கள் வீட்டுக் கேக் சாப்பிட்டார், பூச்சாடிகளைப் பார்த்தார். தனியார் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே என்றார். சிஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா தலைவாரி, தனிக் கட்டிலில் நிமிர்ந்திருந்து, ஒரு குறையும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார்.

ஷபீகா அன்ரி பின்னேரம்வரை மண்டபத்து மர வாங்கில் குந்தியிருந்தார்.

யூலை 7, வெள்ளி

உதவி இல்லையாம். நன்றாக வசதியுள்ள நிறுவனமாம் நாங்கள்.

யூலை 10, திங்கள்

சிஸ்டர் அமைச்சுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். வாசலில் சிஸ்டரின் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஐயா எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இல்லை. நன்றாக நடத்துகிறார்கள் என்று எழுதினால் கூடுதலாகக் கிடைக்கும் என்றே அப்படி எழுதினாராம். ஆனால் இந்த ஆண்டு எல்லா இடத்திலும் வெட்டு. தாங்கக்கூடிய இடங்களை மேலே உள்ளவர்கள் முதலில் வெட்டிவிட்டார்களாம். காசு எங்கே போகிறதென்று அவர் சொல்லவில்லை. யன்னலால் பார்த்தார். கீழே இராணுவ லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது, வெளியில் கதைக்காதே என்றார் அப்பா.

சிஸ்டர் ஒன்று மட்டும் கேட்டார்: “எங்களுக்குச் சொல்லாமல் ஒருநாள் வாங்கோ.”

உபசரிப்பது பிழையா? பிழை இல்லையே. பிறகு ஏன் எங்கள் வீட்டுக் கேக்கே எங்கள் வாட்டை மூட வேண்டும்?

யூலை 18, செவ்வாய்

வந்தார். யாருக்கும் தெரியாது. பாடசாலை விட்டு நான் போனபோது வாட்டுக்குள் நிற்கிறார். நிலத்தில் இரண்டு பாய். பாய்களைத் தாண்டித் தாண்டி அம்மாவின் கட்டிலடிக்கு வந்தார்.

அம்மா அவரைக் கண்டதும் ஷபீகா அன்ரியின் முதுகிலிருந்து நிமிர்ந்துகொண்டார். சீலையைச் சரிசெய்தார். நன்றாக இருக்கிறேன் மாத்தையா, ஒரு குறையும் இல்லை என்றார் — அதே வசனம். கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததா? தெரியாமலே போய்விடுவாரா?

நான் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தடக்கித் தடக்கி. அம்மா சொல்வது பொய். அம்மாவால் படுக்க முடியாது. இந்த அன்ரியின் முதுகுதான் தலையணை. வாட்டை மூடினால் அம்மாவைக் கொண்டுபோக எங்களுக்கு வேறு இடம் இல்லை.

ஷபீகா அன்ரி தலையாட்டினார். அந்த ஐயா எதுவும் எழுதவில்லை.

அவர் போனபிறகு அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வந்த மனிசனுக்கு முன்னால என்னை உரிஞ்சு விட்டிட்டாய்.”

யூலை 19

அம்மா கதைக்கவில்லை.

யூலை 23, ஞாயிறு

இன்றும் இல்லை. கஞ்சியை வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான். “மெல்ல மெல்லச் சரிவரும் மகள், முதுகில தெரியுது” என்று ஷபீகா அன்ரி காதுக்குள் சொன்னார்.

ஓகஸ்ட் 11, வெள்ளி

உதவி வந்திருக்கிறது, பாதிதான். மார்கழிவரை வாட் திறந்திருக்கும். அதற்குப் பிறகு என்று சிஸ்டரிடம் கேட்கத் தொடங்கினேன், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பின்னேரம் டொக்டர் றேமண்ட் வந்தார். எப்படிச் சுகம் என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். அம்மா அவருக்கும் இவ்வளவு நாளும் நல்ல சுகம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்.

இன்று அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

“முட்டுது டொக்டர். விடிய விடிய முட்டுது. பயமாயும் கிடக்கு.”

டொக்டர் திரும்பி வந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். அம்மாவின் முதுகில் அதை வைத்து, கனநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.