உங்கள் போனுக்கு வந்த ஆறு எண்கள்

என் பாட்டைப் பாதியில் நிறுத்துவதையே வேலையாக வைத்திருந்த மாணிக்கம் அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. என்ன கேள்வி இது! இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

ஒரு தப்பு பண்ணிவிட்டேன் அண்ணே. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்ட்ரீமர் பெட்டியை மாற்றிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் கிள்ளானில் இருந்தபடியே என்னைக் காய்ச்சி எடுத்திருப்பீர்கள்.

பழைய பெட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை ஞாயிற்றுக்கிழமையில்தான். கட்டைப் பிரம்மச்சாரிக்குச் செந்தூல் ஃபிளாட்டில் ஞாயிறு எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டு ஆப்பில் ஒரே கணக்கை நாம் இருவரும் பங்கு போட்டுக் கேட்டோம். பணம் என் கார்டில், பெயரும் போன் எண்ணும் உங்களுடையது. அங்கே நீங்கள் ஒரு பாட்டைத் தட்டினால் இங்கே என் பாட்டு நின்றுவிடும். உடனே போன் போட்டுச் சண்டை பிடிப்பேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இருவருமே பாட்டுக் கேட்காமல் படுத்துவிடுவோம்.

நீங்கள் போன இந்த ஒன்பது மாதமாக என் பாட்டு நிற்பதே இல்லை. மூன்று மணி நேரம்கூட விடாமல் ஓடுகிறது. அதைத் தாங்க முடியாமல்தான் கடைக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா?

"லேட்டஸ்ட் மாடல் அங்கிள், சும்மா கிளியரா இருக்கும் லா" என்றது கடையில் இருந்த பெண். பழைய பெட்டியை அங்கேயே மாற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் முட்டாள்தனம் அதுதான். வீட்டில் பிரித்துப் பார்த்தால், என் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு வெள்ளை வயரைச் செருக அதில் ஓட்டையே இல்லை. அதற்கு ஒரு குட்டிப் பெட்டி தனியாக வாங்கினேன். பிறகு வைஃபை பிடிக்கவில்லை. அதுவும் பிடித்த பிறகு, என் ஹேன்போன் பழசு, புது ஆப் ஏறாது என்றது. தலையெழுத்தே என்று போனையும் மாற்றினேன்.

எல்லாம் முடிந்ததும் பெட்டி கடைசியாக ஒன்று கேட்டது. கணக்கின் உரிமையாளர் போனுக்கு ஆறு எண்கள் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் பதியுங்கள்.

உரிமையாளர் நீங்கள். நீங்கள் ஏழு வருடமாகச் சேர்த்த பாட்டுப் பட்டியல்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். 'மழைக்கு', 'அண்ணி கோபமாக இருக்கும்போது', 'பாலுவுக்குக் காட்டக் கூடாதவை'. அது போனால் உங்களிடமிருந்து எனக்கென்று வேறு என்ன மிச்சம்?

உங்கள் போன் இப்போது அண்ணியிடம்; அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அண்ணியிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணே. என்ன பேசுவது என்று தெரியாமல் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிப் போட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டு அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அந்த நம்பர யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மவன் சொல்லியிருக்கான். பாலுன்னு பேரு வருது, சரி. இப்பல்லாம் எவன் பேர்ல வேணும்னாலும் கூப்புடுறானுங்க. நெசமாவே பாலுதான்னா, அவரு உங்கள எப்படித் திட்டுவாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"செவிட்டுக் கழுதைன்னு, அண்ணி."

அண்ணி சிரித்தார். பிறகு அழுதார். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிட்டது. மறுபடியும் அனுப்ப வைத்தேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். கணக்கு திறந்தது. எல்லாம் அப்படியே இருந்தன.

நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"பாலு, இந்த நம்பரு மறுபடி எப்ப வரும்?"

"இனிமே வராது அண்ணி. ஒரு தடவ போட்டாப் போதும்."

"ஓ" என்றார். பிறகு அவரே சொன்னார், "இல்ல, தெனமும் அவரு போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கிறேன். டாப்-அப்பும் பண்றேன். ஏமாத்துக்காரனுங்களத் தவிர ஒருத்தரும் கூப்புடுறதில்ல. இன்னிக்குத்தான் அவரத் தேடி ஒண்ணு வந்துச்சு."

நீளமான ஞாயிறு எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன மனுஷன் நான்?

"தப்பா சொல்லிட்டேன் அண்ணி. இது புது மாடல் இல்லையா, வாராவாரம் கேக்கும்."

"அப்படியா? ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா. நாலு மணிக்கு."

நேரில் போயேன்டா என்பீர்கள். போவேன். உங்கள் நாற்காலியைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. அதுவரை இந்தப் பொய்யைக் காப்பாற்றுவேன், அண்ணே, சத்தியம். ஒவ்வொரு ஞாயிறும் வேண்டுமென்றே உங்கள் கணக்கை விட்டு வெளியே வந்து, உள்ளே விடச் சொல்லிக் கேட்பேன். அண்ணி கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்ணையும் வாசித்து முடிக்கும்வரை அவசரப்படுத்த மாட்டேன். பத்து நிமிடம் தாண்டிப்போனால் இன்னொன்று அனுப்பச் சொல்வேன்.

உங்கள் பெயரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்
கூடப் பிறக்காத தம்பி,
பாலு
செந்தூல்