பதின்மூன்றுக்குச் சிவப்பு மை

நவம்பர் 4, திங்கள்

தலைமையாசிரியர் திருடர். பரீட்சைக் கேள்விகளைத் தன் வீட்டு டியூஷன் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்.

மழை. சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது. முதுகெல்லாம் சேறு.

அரசாங்க இங்கிலீஷ் பள்ளி எங்கள் பிற்பகல் பள்ளியிலிருந்து வருஷத்துக்கு நாலு பேரைத்தான் எடுக்கிறது. கணக்கில் முதல் நாலு பேர். கேள்வியும் விடைக் குறிப்பும் த.ஆ. எழுதுவது. திருத்துவது நான். சனிக்கிழமை திருத்தினேன், குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்காமல். முப்பத்தொரு தாள், இரண்டு மணி நேரம்.

இன்று தாள்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கினேன். இடைவேளையில் அஞ்சலை வந்து நின்றாள். பெற்றோர் செங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டுகிறார்கள். இங்கே காஜா பேராங்கில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பில் ஐந்தாவது இடம். அதாவது, இடமில்லை.

"சார், கடைசிக் கணக்கு. எனக்குப் பதிமூணு வந்துச்சு. தப்பு போட்டிருக்கீங்க."

"விடை அஞ்சு."

"திருப்பி வச்சுப் பாத்தேன் சார். பதிமூணு வச்சா ரெண்டு பக்கமும் முப்பத்திரெண்டு வருது. அஞ்சு வச்சா இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் பதினாறு."

"நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள்.

அறைக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன்.

3(x − 4) + 5 = 2x + 6

அடைப்பை நீக்கினால் 3x − 12 + 5. குறிப்பில் இருப்பது 3x − 4 + 5. மூன்றால் x-ஐப் பெருக்கியவர் நாலைப் பெருக்க மறந்துவிட்டார். இருபது வருஷ சர்வீஸ்.

அது முட்டாள்தனம். திருட்டு வேறு. முதல் நாலு பேரின் தாளிலும் அதே வரி, அதே மறதி. மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். இந்த நாலு பேர் மட்டும் ஒரே குழியில். நாலு பேரும் டியூஷன். ஆபீஸ் கிராணியின் மகன் த.ஆ.வைப் போலவே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூன்று புள்ளி வேறு வைத்திருக்கிறான்.

அந்த மார்க்கை அவர்களிடமிருந்து எடுத்து இவளுக்குக் கொடுத்தால் இவள் முதலிடம்.

நவம்பர் 5, செவ்வாய்

வெயில். செய்ய வேண்டியவை: செயின். சட்டை சலவைக்கு. த.ஆ.விடம் பேசுவது.

"பசியாறியாச்சா தம்பி?" அன்பாகத்தான் கேட்டார். கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். புரிந்துவிட்டது. காது சிவந்தது.

"நாலு பேர் லிஸ்ட் போயிருச்சு லா."

"இன்னும் மேசையிலதான் இருக்கு சார்."

"சரி. போயிருச்சுன்னு வச்சுக்க." இழுப்பறையைத் திறந்தார். பயிற்சிக் கல்லூரிக்கு அவர் எனக்குத் தர வேண்டிய சிபாரிசுக் கடிதம் மேலாக இருந்தது. "உன்னோடதும் டைப் அடிச்சு ரெடி. கையெழுத்துதான் பாக்கி." மூடினார்.

"மரம் வெட்டப் போற பிள்ளைக்கு எக்ஸ் எதுக்குப்பா? பால்ல எவ்வளவு தண்ணின்னு கண்டுபிடிக்கவா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம்தான். ஆனாலும் சிரித்தேன்.

சட்டை வெள்ளிக்கிழமை கிடைக்கும்.

நவம்பர் 6, புதன்

புழுக்கம். என் பாட நேரத்தில் த.ஆ. வந்தார். பாடம் இங்கிலீஷில். திட்டுவதற்கு மட்டும் அவருக்குத் தமிழ்.

அஞ்சலையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்கைப் போடச் சொன்னார். போட்டாள். ஐந்து வரி. சமக்குறிக்கு நேர் கீழே சமக்குறி. கடைசியில் 13.

"கெட்டிக்காரிதான்," என்றார். "மெர்டேக்கா வந்தாச்சு, சுதந்திர நாடு. இனிமே எல்லாம் ஓட்டுதான். ஓட்டெடுப்போமா? பதிமூணுங்கிறவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் இல்லை.

"அஞ்சு?"

டியூஷன் கைகள் நாலும் முதலில். பிறகு பெஞ்சு பெஞ்சாக. செட்டி கம்பத்துப் பையன் வீட்டில் மலாய்தான், தமிழ் புரியாது. என்னவென்று பக்கத்தில் மலாயில் கேட்டான். சொன்னார்கள். அவனும் தூக்கினான்.

"சார் ஓட்டு?"

என்னைத்தான் கேட்டார். என் கையில் சாக்பீஸ் இருந்தது. சாக்பீஸோடு தூக்கினேன்.

அஞ்சலை கைகளைப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பார்த்தாள்.

"அழிச்சிட்டு அஞ்சுன்னு எழுது."

அழிப்பான் என் மேசையில் இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. உள்ளங்கையால் அழித்தாள். 5 எழுதினாள். வகுப்பு கை தட்டியது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

நவம்பர் 7, வியாழன்

மழை. அஞ்சலை வரவில்லை. லிஸ்ட் போனது, இந்த முறை உண்மையாகவே.

கடிதம் கிடைத்தது. கையெழுத்தோடு. 'நேர்மையும் கடமை உணர்வும் உள்ள இளைஞர்' என்று எழுதியிருக்கிறார். நாலு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை.

காரிடாரில் கிராணி மகன்: "டேய், பதிமூணு எங்கடா காணோம்?" பெயர் வைத்துவிட்டார்கள்.

அறைந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

தூறல். சட்டை வந்தது. சேற்றுக் கறை போகவில்லை.

மணி அடிக்கும் முன் வாசலில் அஞ்சலையும் மாமாவும். சைக்கிள் கேரியரில் அவளுடைய தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது.

"தோட்டத்துக்குக் கொண்டு போய் விட்டுர்றேன் சார்," என்றார் மாமா. "திங்கக்கிழமையிலருந்து அவ அம்மாகூட வெட்டுக்குப் போவுது. வேலைக்குத் தண்டல்கிட்ட சொல்லியாச்சு. நீங்க எவ்வளவோ பாத்துக்கிட்டீங்க." கும்பிட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கும்பிட்டார்.

"என் தாளு வேணும் சார்," என்றாள்.

பையில்தான் இருந்தது. கொடுத்தேன். மழையில் நனையாமல் குனிந்து மறைத்தபடி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பதின்மூன்றின் மேல் என் சிவப்புப் பெருக்கல் குறி. தாளை மறுபடி என்னிடமே நீட்டினாள். சிவப்புப் பேனா சட்டைப் பையில், கடிதத்தோடு. அவளுக்குத் தெரிந்திருந்தது அந்தப் பேனா மட்டும்.

மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலை வரை போய்விட்டார்.

"இங்க யாரும் இல்ல சார்," என்றாள். "சரி போட்டுக் குடுங்க."